வாங்கத் தெரியாத கை

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் பங்குகள் பலவற்றில் ‘ஏழைகளுக்குப் புத்தாடை வழங்கும் விழா’ நடைபெறுகிறது. ஆலய முற்றத்தில் மேடை அமைக்கப்படுகிறது. மேடைமேல் நாற்காலிகள், எதிரே தரையில் பாய் விரிப்பு. நாற்காலிகளில் வழங்குவோர் அமர்கின்றனர். பாயில் பெறுவோர் அமர்கின்றனர். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்கொடையாளர் பட்டியல் என எல்லாம் முடிந்தபின் ஒலிபெருக்கியில் பெயர்கள் அழைக்கப்படுகின்றன. மூதாட்டி ஒருவர் படியேறி வந்து இரு கைகளையும் நீட்டுகிறார். புகைப்படக்காரர் சற்று நிற்கச் சொல்கிறார். சேலையின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை வழங்குபவர் கையிலுமாக இருவரும் அசையாது நிற்கின்றனர்.

அந்தச் சேலை உண்மையான சேலை. அதை அவர் உடுத்துவார். மார்கழிப் பனிக்கு அது உதவும். இத்தகைய விழாவை நடத்துவோரின் நல்லெண்ணத்தைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஒன்றும் கொடாமல் திண்ணையில் அமர்ந்து குறை சொல்வோரைவிட அவர்கள் எவ்வளவோ மேலானவர்கள். எனினும் அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் இல்லை. அதில் ஒரு கை மேலே இருக்கிறது, மற்றொன்று கீழே இருக்கிறது. சென்ற ஆண்டும் அப்படியே இருந்தது. வரும் ஆண்டும் அப்படியே இருக்கும். கிறிஸ்துவின் பெயரால் செய்யப்படும் பணி இவ்விரு கைகளின் இடத்தையும் மாற்றாமல் விட்டுவைக்கலாமா? இதுவே நாம் இங்கே சிந்திக்க விரும்பும் பொருள்.

தமிழ் மரபு இக்கேள்வியை அறியாததன்று. வள்ளுவர் அறத்துப்பாலில் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அத்துடன் நிற்கவில்லை. பொருட்பாலின் இறுதியை நெருங்கும்போது ‘இரவு’ என்றும் ‘இரவச்சம்’ என்றும் இரண்டு அதிகாரங்களை வைத்தார். பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதுகூட நாவுக்கு இழிவு தருவது என்று சொல்லும் அளவுக்கு அவர் இரத்தலின் துயரை உணர்ந்திருந்தார். பிறரிடம் கேட்டுத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சினந்தார். ஈகையைப் புகழ்ந்த அதே நெஞ்சம்தான் இவ்வாறு சினந்தது என்பதை நம் மறையுரைகளிலும் பள்ளி மேடைகளிலும் யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. ஈகை அதிகாரம் மனப்பாடப் பகுதியாகிறது. இரவச்சம் ஏட்டிலேயே தங்கிவிடுகிறது.

இனி நற்செய்திக்கு வருவோம். லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் வரும் செல்வரையும் இலாசரையும் நாம் அறிவோம். இயேசு புனைந்து கூறிய உவமை மாந்தருள் பெயர் பெற்றவர் இந்த இலாசர் ஒருவரே. ஊதாரி மகனுக்குப் பெயரில்லை. நல்ல சமாரியருக்குப் பெயரில்லை. நாள்தோறும் விருந்துண்ட அந்தச் செல்வருக்கும் பெயரில்லை. வாயிலில் புண்களோடு கிடந்தவருக்கு மட்டும் பெயர் உண்டு. ஊரறிந்த பெயர் மறைக்கப்பட்டு, யாரும் கேட்க முனையாத பெயர் சொல்லப்படுகிறது. நம் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. ஆலயத்துக் குழல்விளக்கில் ‘உபயம்’ எனத் தொடங்கிக் கொடுத்தவர் பெயர், தந்தை பெயர், ஊர், தொழில் யாவும் எழுதியபின், வெளிச்சம் வருவதற்கு நான்கு விரற்கடை இடம் எஞ்சினால் அதுவே பெரிது. அதே ஆலயத்தின் வாயிலில் ஞாயிறுதோறும் அமர்ந்திருக்கும் முதியவரின் பெயரைக் கேட்டால், பத்தாண்டுகளாக அவருக்குக் காசு போட்டு வருபவரும் விழிப்பார்.

அந்த உவமையில் மற்றொன்றையும் காண்கிறோம். செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ நற்செய்தி சொல்லவில்லை. அவர் வாயிலில் கிடக்க இடம் இருந்தது. மேசையிலிருந்து விழுந்தவற்றில் ஏதேனும் கிடைத்திருக்கவும் கூடும். வியப்பு என்னவெனில், இறந்தபின் அச்செல்வர் இலாசரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். ஆக, பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஆனால் அப்போதும் அவர் இலாசரிடம் நேரே பேசவில்லை. விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தம் நாவைக் குளிர்விக்க இலாசரை அனுப்புமாறு ஆபிரகாமிடம் கேட்கிறார். வேதனையில் துடிக்கும்போதும், ஓர் ஏவலாளை அனுப்பச் சொல்வது போலவே அவருக்குப் பேச வருகிறது. தாகம் தமக்கு, தண்ணீர் தரவேண்டியவர் இலாசர் என்று தெரிந்த பிறகும், இலாசரை நோக்கிக் கை நீட்டி “எனக்குத் தா” என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையே இருந்ததாகச் சொல்லப்படும் பெரும் பிளவு மறுமையில் புதிதாகத் தோன்றியதன்று என்றே நாம் எண்ணுகிறோம். அது அவர் வீட்டு வாயிலிலேயே தொடங்கியிருக்கிறது.

ஏழைகளுக்குச் செய்யும் பணியைத் திருச்சபையில் ஒழுங்குபடுத்திய பெரியோர் இப்பிளவை நன்கு அறிந்திருந்தனர். 1617-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறன்று, பிரான்சு நாட்டின் ஷாத்தியோன் என்னும் சிற்றூரில், பங்குத்தந்தையாயிருந்த வின்சென்ட் தே பவுல் திருப்பலிக்காகத் திருவுடை அணிந்துகொண்டிருந்தார். ஊருக்குச் சற்று வெளியே ஒரு வீட்டில் அனைவரும் நோயுற்றுக் கிடப்பதாகவும் கவனிப்பார் யாருமில்லை என்றும் அவருக்குச் செய்தி வந்தது. மறையுரையில் அதைச் சொன்னார். மாலையில் அவ்வீட்டை நோக்கி அவர் நடந்தபோது வழிநெடுக மக்கள் உணவு சுமந்து போய்க்கொண்டும் திரும்பி வந்துகொண்டும் இருந்தனர். வேறொருவராக இருந்தால் தம் மறையுரையின் ஆற்றலை எண்ணி மகிழ்ந்திருப்பார். வின்சென்டோ அன்று வந்த உணவில் பாதி கெட்டுப்போகும், நாளை மறுநாள் அவ்வீடு மீண்டும் பட்டினி கிடக்கும் என்று கணக்கிட்டார். அதிலிருந்து பிறந்ததே அவ்வூர்ப் பெண்களைக் கொண்டு அவர் அமைத்த முதல் பிறரன்புக் குழு.

அக்குழுவுக்கு அவர் வகுத்த ஒழுங்குகள் படிக்கத் தக்கவை. உணவை எப்படிக் கொண்டுசெல்வது, நோயாளியை எப்படி முகமலர்ச்சியோடு வாழ்த்துவது, படுக்கையருகே சிறு மேசை வைத்துத் துணி விரிப்பது, இறைச்சியை வெட்டிக் கொடுப்பது என ஒரு தாய் மகளுக்குச் சொல்வது போல அவர் எழுதிச் செல்கிறார். அவற்றுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. ஒரே நாளில் பல வீடுகளுக்குச் செல்லவேண்டியிருந்தால், உடன் ஆள் இருக்கும் நோயாளியின் வீட்டில் தொடங்கி, தனித்திருப்பவரின் வீட்டில் முடிக்கவேண்டும் என்கிறார். அப்போதுதான் தனித்திருப்பவரோடு அதிக நேரம் இருக்க முடியும். சோறு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். நேரம் மட்டும் தனியாகக் கிடப்பவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சோற்றைப் பானையில் கொண்டுபோகலாம். நேரத்தைக் கொண்டுபோக ஆளே போகவேண்டும்.

இதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே நாட்டில், வின்சென்டின் பெயரைத் தாங்கிய ஒரு சபை தோன்றியது. நம் பங்குகள் பலவற்றில் வாரந்தோறும் கூடும் புனித வின்சென்ட் தே பவுல் சபையே அது. அதன் தோற்றத்தைச் சற்று விரிவாகக் காண்பது நம் கேள்விக்கு உதவும். பாரிஸ் பல்கலைக்கழக மாணவராயிருந்த பிரெடரிக் ஓசானாமும் நண்பர்களும் வரலாறு பற்றிய விவாத மன்றம் ஒன்றில் கிறித்தவ மறையின் பெருமைகளை எடுத்துரைத்து வந்தனர். அதற்கு முந்திய ஆண்டு, 1832-இல், பாரிசில் காலரா நோய் பரவி ஏழைகளின் சந்துகளைச் சூறையாடியிருந்தது. ஒருநாள் எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர், உங்கள் திருச்சபை முன்னொரு காலத்தில் நன்மை செய்தது உண்மைதான், இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். விடை சொல்ல அவர்களிடம் ஒன்றுமில்லை. ஓசானாமும் ஒரு நண்பரும் குளிர்காலத்துக்கென வைத்திருந்த விறகில் எஞ்சியதைச் சுமந்துகொண்டு ஓர் ஏழையின் வீட்டுக்குச் சென்றனர். 1833 ஏப்ரல் 23 அன்று முதற்கூட்டம் நடந்தது. வழிகாட்டியாகச் சற்று மூத்தவரான எம்மானுவேல் பாய்யி என்னும் இதழாசிரியர். உடன் ஆறு மாணவர்கள். அன்று ஓசானாமுக்கு வயது இருபது நிறைவுற்றது.

எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் போவது என்று அம்மாணவர்களுக்குத் தெரியாது. மூஃப்தார் பகுதியின் ஏழைகளோடு நெடுங்காலம் வாழ்ந்திருந்த, வின்சென்டின் பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி ரோசலி ரெந்தூ அவர்களுக்குக் கைகாட்டினார். அவர்கள் ஆலய வாயிலில் நின்று ரொட்டி பங்கிடவில்லை. மாடிப்படி ஏறினார்கள். ஏழையின் அறையில், ஏழை காட்டிய இடத்தில் உட்கார்ந்தார்கள். இல்லம் சென்று சந்திப்பதே அச்சபையின் முதற்பணியாயிற்று. இன்றும் அப்படியே இருக்கிறது. ஏழையை நம் வாயிலுக்கு வரச்சொன்னால் அவர் வருந்தி நிற்பவராகவே வருவார். நாம் அவர் வாயிலுக்குப் போனால் அங்கே அவர் வீட்டுக்காரர், நாம் விருந்தினர். கைகளின் இடம் அங்கேதான் முதன்முதல் மாறத் தொடங்குகிறது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் ஓசானாமை ஒரு நல்ல மனிதர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். 1848 அவரைக் கடந்துபோக விடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், வேலையற்றோருக்கென அரசு நடத்திவந்த தேசியத் தொழிற்கூடங்களை மூடுவதென முடிவானபோது, பாரிசின் தொழிலாளர் தெருக்களில் தடையரண் கட்டிப் போரிட்டனர். ஓசானாம் அப்போது புகழ்பெற்ற பேராசிரியர், தாந்தே பற்றிய ஆய்வால் அறியப்பட்டவர், குடும்பத் தலைவர். தேசியக் காவற்படையில் அவரும் துப்பாக்கி ஏந்தி நின்றார். தடையரணுக்கு அப்பால் இருந்தவர்கள் யார்? பதினைந்து ஆண்டுகளாக அவரும் தோழர்களும் படியேறிச் சந்தித்த அதே தெருக்களின் மக்கள். சமாதானம் பேச வருமாறு பேராயர் அஃப்ரேயை வேண்டியவர்களுள் ஓசானாமும் ஒருவர். பேராயர் தயங்கவில்லை. 25-ஆம் நாள் மாலை புனித அந்தோனியார் புறநகரின் தடையரண் அருகே அவர்மீது குண்டு பாய்ந்தது. 27-ஆம் நாள் அவர் உயிர் துறந்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் வேண்டுமென்றே நிறுத்திச் சொல்கிறோம். பிறரன்புப் பணியில் ஈடுபட்டோர் யாவரும் எதிர்கொள்ளவேண்டிய இடம் இது. பதினைந்து ஆண்டு இல்லச் சந்திப்பு அந்தத் துப்பாக்கிகளைத் தடுக்கவில்லை. விறகும் ரொட்டியும் கொண்டுபோன கை, ஒரு ஜூன் மாதத்தில் எதிர்வரிசையில் நின்றது. அப்படியானால் அந்த இல்லச் சந்திப்பு வீணா? சிலர் அப்படித்தான் சொல்வர். நம் நாட்டிலும் விடுதலை இறையியல் பற்றிய விவாதங்கள் சூடாக இருந்த காலத்தில், சேலையும் அரிசியும் கொடுப்பது அநீதிக்குப் பூசும் சுண்ணாம்பு என்று பேசியோர் உண்டு. அதற்கு எதிர்வரிசையில், அரசியல் நமக்கு எதற்கு, பசித்தவருக்குச் சோறு போட்டால் போதும் என்றோரும் உண்டு. இரு சாராரும் ஒருவரையொருவர் வென்றுவிட முனைந்த அளவுக்கு, ஏழையின் வீட்டில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டார்களா என்பது நம் ஐயம்.

ஓசானாம் வேறு பாடம் கற்றார். உண்மையில் அவர் அதை முன்னரே பாதி கற்றிருந்தார். பட்டு நெசவாளர் 1831-இலும் 1834-இலும் கிளர்ந்தெழுந்த லியோன் அவர் வளர்ந்த நகரம். அங்கே வணிகச் சட்டம் பற்றி விரிவுரை ஆற்றியபோதே, கூலி என்பது தொழிலாளி உயிர்வாழவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் முதுமையைக் கழிக்கவும் போதுமானதாக இருக்கவேண்டும் என்று அவர் கூறினார். தொழிலாளர் உரிமை குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ சுற்றுமடல் வெளியிட்டது 1891-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய பேச்சு இது. 1848 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் பணக்காரர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். தாமும் சேர்ந்து தொடங்கிய ‘புதிய யுகம்’ என்னும் செய்தித்தாளில் ஓசானாம் அவர்களுக்கு எழுதினார்: கிளர்ச்சி அடங்கிற்று, ஆனால் வறுமை அங்கேயே இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் அறியவில்லை என்பதே அக்கட்டுரைகளின் சாரம். அவ்வாறு எழுதும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? படியேறிச் சென்றதால் வந்தது. எந்த அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர், நெசவாளிக்கு எத்தனை நாள் வேலையில்லை, வாடகை எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். 1853-இல், நாற்பது வயதில், அவர் மறைந்தார். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

ஆகவே கொடையா, நீதியா என்ற வழக்கை நாம் வேறு இடத்திலிருந்து பார்க்க விரும்புகிறோம். திருச்சபைத் தந்தையர் இவ்வழக்கை ஏற்கவே இல்லை. கப்பதோக்கியாவில் 368-ஐ ஒட்டிக் கொடும்பஞ்சம் வந்தபோது புனித பசிலியார், பூட்டி வைத்த அப்பம் பசித்தவருடையது, பெட்டியில் மடித்து வைத்த மேலாடை ஆடையற்றவருடையது என்ற பொருள்பட முழங்கினார். அந்தியோக்கியாவில் புனித யோவான் கிறிசோஸ்தோம், இலாசரைப் பற்றிய மறையுரைகளில், உள்ளதைப் பகிராதிருப்பது களவே என்று சொல்லத் தயங்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ பற்றிய ஏட்டில், மண்ணின் செல்வங்கள் மாந்தர் அனைவருக்கும் உரியவை என்று கற்பித்தது. திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 அக்டோபரில் வெளியிட்ட முதல் திருத்தூது ஊக்கவுரையும் ஏழைகள்மீது கொள்ளும் அன்பைப் பற்றியதே. நீதியைப் பேசும் அதே ஏடு தருமம் செய்தலையும் கைவிடவில்லை. இவற்றை ஏற்றால், புத்தாடை விழாவின் மேடையில் நடப்பது கொடையன்று, கடன் திருப்பிச் செலுத்துதல். கடனைத் திருப்பித் தருபவர் பொன்னாடை போர்த்திக்கொள்வதில்லை. கடன் கொடுத்தவரைப் படியேறி வரச்சொல்லிப் படம் எடுப்பதுமில்லை.

இந்த இடத்தில் சபைக் கூட்டங்களில் வழக்கமாக எழும் ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். குடிகாரனின் குடும்பத்துக்கு அரிசி கொடுப்பதா? கொடுத்த அரிசியை விற்றுக் குடிக்கிறானே! இது கற்பனைக் கேள்வியன்று. மனசாட்சி உள்ளவர்கள் கேட்கும் கேள்வி. கிறிசோஸ்தோம் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். தருமம் செய்பவர் துறைமுகம் போன்றவர். கப்பல் உடைந்து கரை ஒதுங்குவோரின் நடத்தையைத் துறைமுகம் விசாரிப்பதில்லை என்றார். விடை அழகானது. ஆயினும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது போதாது. அரிசி யார் கையில் சேரவேண்டும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளியில் செலுத்தலாமா, கணவரை மதுமீட்பு மையத்துக்கு அழைத்துப்போக அவர் பேச்சைக் கேட்கக்கூடிய அண்ணனோ மாமனோ யார் என்பதையெல்லாம் அவ்வீட்டுக்குள் பலமுறை சென்று உட்கார்ந்தவரே அறிவார். தகுதி பார்த்துக் கொடுக்கவேண்டும் என்போர் பெரும்பாலும் அந்த வீட்டுத் திண்ணையைத் தாண்டாதவர்கள்.

இன்றைய தமிழ்நாட்டில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2011 முதல் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. சேலையும் பொங்கலுக்கு அரசு தருகிறது. நம் மூட்டைக்கு முன்பிருந்த அவசரம் இப்போது இல்லை. அப்படியானால் வின்சென்ட் தே பவுல் சபை எதற்கு? கடை வாசலில் நிற்கும் ஒரு மூதாட்டியைப் பாருங்கள். விரலை இயந்திரத்தில் வைக்கிறார், பதியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், பதியவில்லை. நாற்பது ஆண்டுகள் சித்தாளாகச் சிமெண்டும் செங்கல்லும் சுமந்து தேய்ந்த விரல். உழைப்பு அவர் அடையாளத்தையே அழித்துவிட்டது. அவருக்கு வேண்டியது நம் அரிசியன்று. உடன் நின்று கடை ஊழியரிடம் பேச ஒருவர் வேண்டும். கருவிழிப் பதிவுக்கோ வேறு மாற்று வழிக்கோ அழைத்துப்போக ஒருவர் வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு வட்டாட்சியர் அலுவலகப் படிகளில் மூன்றாம் முறையும் ஏற ஒருவர் வேண்டும். இப்பணிக்கு மேடை அமைக்க முடியாது. நன்கொடைப் பட்டியலில் இடம்பெறவும் முடியாது. ஒரு பகல் பொழுது போகும், அவ்வளவுதான். தனித்திருப்பவரைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொன்ன வின்சென்டின் ஒழுங்கு நினைவுக்கு வருகிறது.

வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஊர்களில் கட்டடம் கட்டுவோரும் ஆலைகளில் உழைப்போரும் மற்றொரு சோதனை. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட பின்னர் அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு நெடுஞ்சாலைகளில் நடந்ததைக் கண்டு கலங்கினோம். உணவுப் பொட்டலம் கொடுத்தோம். அதன்பின் அவர்கள் திரும்பி வந்துவிட்டனர். நம் பங்கு எல்லைக்குள்ளேயே தகரக் கொட்டகைகளில் இருக்கின்றனர். அவர்களுள் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கத்தோலிக்கப் பழங்குடி மக்களும் உண்டு. நம் அன்பியக் கூட்டம் ஒன்றேனும் அந்தக் கொட்டகையில் நடந்ததுண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வியின் கடினமான பகுதிக்கு வருகிறோம். ஏழையின் வீட்டுக்குப் போனோம், அமர்ந்தோம், கேட்டோம். அவ்வீட்டுப் பெண் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவருகிறார். குடிக்கிறோமா? நம் நாட்டில் இது சிறிய கேள்வியன்று. சேரிக்கு அரிசி கொண்டுபோகத் தயங்காத கை, அங்கிருந்து ஒரு குவளைத் தண்ணீர் வாங்கத் தயங்கும். “இப்போதுதான் குடித்தேன்” என்ற பொய்யை நம் ஊர்களில் எத்தனை தலைமுறையாக எத்தனை நாகரிகமாகச் சொல்லிவந்திருக்கிறோம்! வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதியாரைப் பிரித்துவைத்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. எனினும் 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றலாக்கம் பற்றிய கொள்கை ஏட்டை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நீடிப்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. கொடுப்பதற்குச் சாதி தடையாவதில்லை. சொல்லப்போனால் கொடுப்பது சாதிக்கு மிகவும் பிடித்தமான செயல். மேலிருப்பவர் மேலிருந்தபடியே அதைச் செய்யலாம். வாங்கும்போதுதான் அது உடைகிறது.

இயேசு சமாரியப் பெண்ணுக்கு வாழ்வளிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசினார் என்று நாம் மறையுரைகளில் கேட்கிறோம். அதற்கு முன் அவர் செய்தது என்ன? அவளிடம் தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரின் கலத்தில் புழங்காத காலத்தில், நண்பகல் வெயிலில், களைத்துப்போய், உண்மையாகவே தாகத்தோடு கேட்டார். அந்தப் பெண்ணுக்கு முதலில் வியப்பளித்தது அவர் தரவிருந்த எதுவுமன்று, அவர் கேட்டதுதான். செல்வர் இறந்த பிறகும் கேட்கத் தெரியாதிருந்ததை, ஆண்டவர் கிணற்றடியில் வெகு இயல்பாகக் கேட்டார்.

பழைய ஏற்பாட்டில் இன்னும் அச்சமூட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பஞ்சகாலத்தில் இறைவன் எலியாவைச் சாரிபாத்து ஊருக்கு அனுப்புகிறார். அங்கே ஒரு கைம்பெண் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பானையில் ஒரு கையளவு மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும் மட்டுமே அவளிடம் உள்ளன. அவற்றைச் சுட்டுத் தானும் மகனும் உண்டு சாகக் காத்திருப்பவள். அவளிடம் போய் எலியா முதலில் தனக்கு ஓர் அப்பம் சுட்டுத் தரச் சொல்கிறார். இதைவிடக் கல்நெஞ்சம் வேறு உண்டா என்று தோன்றும். ஆனால் ஊரில் எல்லாரும் அவளைக் கொடுப்பதற்கு ஒன்றுமற்றவள் என்று எண்ணியிருந்த நாளில், அவளிடமும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று நம்பிக் கேட்டவர் அந்த இறைவாக்கினர் ஒருவரே. பின்னர் அந்த மாவு தீரவில்லை. எலியாவும் அவளும் அவள் வீட்டாரும் பல நாள்கள் அதிலிருந்து உண்டனர்.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையும் தோன்றுகிறது. ஏழைகளிடமிருந்து நாம் பெறுவது ஏராளம், அவர்களே நமக்கு ஆசிரியர் என்று மேடையில் உருகிப் பேசுவது எளிது. அது மற்றொரு வகைப் பொன்னாடை. வறுமை யாருக்கும் புனிதப் பட்டம் கொடுப்பதில்லை. ஏழைகளுள்ளும் பொய் உண்டு, சண்டை உண்டு, தம்மைவிட ஏழையானவரை ஏளனம் செய்வதும் உண்டு. நாம் கேட்பது அவர்களை உயர்த்திப் புகழ்வதையன்று. ஒரு குவளைத் தண்ணீரை, ஓர் ஆலோசனையை, பங்குப் பேரவையில் ஒரு வாக்கை, திருவிழாக் கணக்கைத் தணிக்கை செய்யும் பொறுப்பை அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்வதையே கேட்கிறோம். அவர்கள் மறுக்கவும் உரிமை உண்டு. எங்களைச் சந்திக்க வரவேண்டாம் என்று ஒரு குடும்பம் சொன்னால் அதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

வின்சென்ட் தே பவுல் சபையின் வாரக் கூட்டத்தில் தொன்றுதொட்டு ஒரு வழக்கம் உண்டு. கூட்ட முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை அதனுள் விட்டு எடுப்பர். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது; ஒன்றுமே போட இயலாதவரும் நாணமின்றி அமர்ந்திருக்கலாம். இந்த வழக்கத்தை வைத்தவர்கள் கைகளைப் பற்றி நன்றாகவே சிந்தித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையைச் சுற்றி அமர்ந்திருப்போர் யார் என்று ஒருமுறை பார்த்தால், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலர்கள், கடைக்காரர்கள் என்றே பெரும்பாலான பங்குகளில் இருக்கும். சென்ற ஆண்டு வரை சபையார் யாருடைய வீட்டுக்குப் போய்வந்தார்களோ, அந்தச் சித்தாள் மூதாட்டியையே உறுப்பினராக வருமாறு அழைத்தால் என்ன? அந்தத் தெருவில் யாருக்கு எது வேண்டும் என்று அவரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. எந்த வீட்டில் உண்மையாகவே அடுப்பெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். கூட்டத்தில் அவருக்குப் பாய் போடக்கூடாது, நாற்காலி போடவேண்டும். பை அவரிடம் வரும்போது அவரும் தேய்ந்த விரல்களை மூடி உள்ளே விடுவார். அதில் காசு இருந்ததா இல்லையா என்பது சபையில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.